நவநீதன், ஆண்

சொந்த வீடு இல்லை என்பதற்குச்
சான்று கேட்டார்கள்.
இல்லாததை எங்கே போய் ஜெராக்ஸ் எடுப்பது?
சத்துவாச்சாரியில் புங்கமர நிழலில் மேசை போட்டவர்
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
‘இந்தியாவின் எந்தப் பகுதியிலும்’ என்று தட்டினார்.
எனக்குக் கூச்சமாகப் போயிற்று.
காட்பாடி தாண்டி நான் போனதே
இரண்டு முறை.

வேலை லாட்ஜில். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து.
நாளுக்குப் பதினான்கு அறை.
வங்காளத்திலிருந்து வருகிறவர்கள்
கட்டி, கல், வால்வு, பிள்ளையில்லாக் குறை
எல்லாவற்றையும் ஸ்டவ்வோடு சுமந்து வந்து
வாரக்கணக்கில் தங்குவார்கள்.
கடுகெண்ணெய் வாசம் சுவரை விட்டுப் போகாது.
ஜொல் என்றால் தண்ணீர்.
பாலோ என்றால் பரவாயில்லை.
அவ்வளவு போதும், ஒருவர் அறைக்குள் நுழைய.

வாரியம் தருவது நானூறு சதுர அடியாம்.
மேனேஜரைக் கேட்டேன்: நம்ம டபுள் ரூம் எவ்வளவு சார்?
நூற்றுப் பத்து என்றார்.
அப்படியானால்
மூன்று டபுள் ரூமும் ஒரு மாடிப்படித் திருப்பமும்.
இரண்டு பக்கெட் தண்ணீர்.
பத்தாவது படிக்கும் பவித்ரா கேட்டது ஒன்றுதான்:
‘கக்கூஸ் உள்ளயா?’

ரேஷன் கார்டைப் பார்த்த மேடம்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
குடும்பத் தலைவர்: நவநீதன். ஆண்.
‘இவர் வந்து கையெழுத்துப் போடணும்.’
மேடம், அது நான்தான். நவநீதம்.
‘ம்’ விழவேண்டிய இடத்தில் ‘ன்’ விழுந்துவிட்டது.
‘அப்ப உங்க வீட்டுக்காரர்?’
ஏகாம்பரம் திருப்பூருக்குப் போய் ஒன்பது வருஷம்.
பிறந்து வளர்ந்து, கட்டி, விட்டுப் போனவன்
கார்டில் இல்லை.
பிறக்காதவன் இருக்கிறான்.
வரிசையில் பின்னால் நின்ற கொணவட்டத்துப் பெண்
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
மேடம் சிரிக்கவில்லை.
‘நவநீதன் வரட்டும்.’

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள்.
ஆள் இல்லாத ஆளையும்
சேர்த்துக்கொள்ளட்டும்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.
எட்டு வருஷமாகப் புழுங்கலரிசி, பாமாயில்,
பொங்கலுக்குக் கரும்பு
எல்லாம் அவன் பேரில்தான் வந்தது.
குடித்ததில்லை. கை ஓங்கியதில்லை.
விரல் ரேகையைக்கூட என்னிடம்தான் வாங்கி வைத்தான்.
ஆணாக இருந்தும் இதோ
டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல்
என் சீட்டிலேயே வருகிறான்.

இ-சேவை மையத்துப் பையன்
என்னை நேராகப் பார்த்துக்கொண்டே
‘பாலினம்?’ என்றான்.
சொன்னேன்.
சர்வர் போய்விட்டது, திங்கள்கிழமை வாங்க என்றான்.
நவநீதன் இன்னும் நான்கு நாள் இருந்தான்.
ஞாயிறன்று அவன் பேரில் கடைசியாக
ஒரு கிலோ துவரம்பருப்பு... இல்லை, ஞாயிறு கடை லீவு.
நினைத்துக்கொண்டதோடு சரி.

பிறகு வருமானச் சான்று. பிறகு முகவரிக்கு ஆதாரம்.
வாடகை ஒப்பந்தம் கேட்டதற்கு
வீட்டுக்காரம்மா கரண்ட் யூனிட்டை
ஒன்பது ரூபாயாக்கினாள்.
பயனாளி பங்குத் தொகையை
மகளிர் குழுவில் எழுதி வைத்திருக்கிறேன்.
எத்தனை அரைநாள் சம்பளம் போயிற்று என்பதை
எங்கும் எழுதவில்லை.

குலுக்கல் எப்போதென்று யாருக்கும் தெரியவில்லை.

போன வியாழன் அரியூர் தாண்டி
கட்டடத்தைப் பார்க்கப் போனேன்.
வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.
கதவுகளுக்கு இன்னும் நம்பர் அடிக்கவில்லை.
இரண்டாவது மாடியில் ஒரு வீடு திறந்து கிடந்தது.
மூலையில் யாரோ விட்டுப்போன துடைப்பம்.
என் கை சும்மா இருக்குமா?
ஹாலில் தொடங்கிச் சமையலறை வரை
சிமெண்ட் தூளைக் கூட்டி ஒதுக்கினேன்.
யாருக்கு விழப்போகிற வீடோ.
கக்கூஸ் உள்ளேதான்.

ஒரு வீடு மட்டும்தான் பெருக்கினேன்.
நேரமாகிவிட்டது.
இருநூற்று நாலில் இன்று
காலி செய்கிறார்கள்.